வாசகர் கேள்விகள், கால்நடை மருத்துவர் பதில்கள்: இரை எடுக்க மறுக்கும் பாம்புக்குட்டி

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் படிக்கிறான். அக்டோபர் மாதம் ஒரு பால் பைத்தான் (ball python என்னும் மலைப்பாம்பு இனம்) குட்டியை, அதை இனப்பெருக்கம் செய்து விற்பவரிடமிருந்து வாங்கினான். அப்போது அதன் எடை 90 கிராம். வந்த வாரத்தில் ஒருமுறை சாப்பிட்டது. அதன்பின் நான்கு வாரங்களாக எதையும் தொடவில்லை. இப்போது எடை 84 கிராம். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியில், ஜன்னலோரமாக வைத்திருக்கிறான். ஒருநாள் விட்டு ஒருநாள் செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய உறைந்த சுண்டெலியைக் காட்டிப் பார்க்கிறான். உயிருள்ள எலியைப் போட்டால் சாப்பிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். என் மாமியாரோ பால் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். அவன் தினமும் தொலைபேசியில் கவலைப்படுகிறான். என்ன செய்யலாம்? படிப்பு முடிந்து திரும்பும்போது அதை இங்கே கொண்டுவர முடியுமா?
(ஈசூன் வாசகி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவர முடியாது. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் செங்காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை ஆகிய இரண்டை மட்டுமே வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதோடு, மலைப்பாம்பு இனங்கள் யாவும் அனைத்துலக வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதால், அனுமதியின்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது தண்டனைக்குரிய குற்றமாகும். இந்த இனம் வளர்ப்பில் இருபது, முப்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியது. எனவே படிப்பு முடிந்தபின் அதைப் பொறுப்போடு யாரிடம் ஒப்படைப்பது என்பதை உங்கள் மகன் இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

இனி, சாப்பிடாத விஷயத்துக்கு வருவோம். 90 கிராமிலிருந்து 84 கிராம் என்றால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு குறைந்திருக்கிறது. வளர்ந்த பால் பைத்தான் குளிர்மாதங்களில் மாதக்கணக்கில் இரை எடுக்காமல் இருந்து, எடையும் பெரிதாகக் குறையாமல் மீண்டுவிடும். குட்டிக்கு அவ்வளவு சேமிப்பு உடலில் இல்லை என்பதால், வளர்ந்த பாம்பைப் பற்றிச் சொல்லப்படும் ஆறுதல்களைக் குட்டிக்கும் பொருத்திப் பேசக் கூடாது. ஆனாலும் இந்த அளவு இழப்பு உடனடி ஆபத்தைக் காட்டுவதில்லை. இருக்கும் இடத்தைச் சீர்செய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

இடம் என்று நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், குட்டியைவிட அதன் இருப்பிடத்தைப் பற்றியே எனக்குச் சந்தேகம் அதிகம். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் இந்தப் பாம்பு பகல் முழுவதையும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. உடலின் எல்லாப் பக்கமும் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும் இறுக்கத்தில்தான் அதற்குப் பாதுகாப்பு உணர்வு வருகிறது. நான்கு பக்கமும் கண்ணாடி, நடுவில் ஒரு கிண்ணம், ஒரு மரக்கிளை என்று அலங்காரமாக வைக்கப்பட்ட தொட்டி பார்ப்பவர்களுக்கு அழகாக இருக்கலாம். 90 கிராம் குட்டிக்கு அது வெட்டவெளி. பெரிய தொட்டி தன்னளவில் தவறில்லை. வெறுமையாக இருப்பதுதான் தவறு. மூன்று பக்கக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, உள்ளே காய்ந்த இலை, மரப்பட்டை, செயற்கைச் செடி ஆகியவற்றை நெருக்கமாக நிரப்பி, வெப்பமான முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றுமாக ஒரே மாதிரியான இரண்டு மறைவிடங்களை வைக்கச் சொல்லுங்கள். குட்டி சுருண்டு படுத்தால் சுவரை முதுகு தொடும் அளவுக்கு அவை சிறியவையாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் வசதியில்லை என்றால், காற்றுத் துளை போட்ட சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குச் சில மாதங்கள் மாற்றிவிடலாம்.

அடுத்தது வெப்பம். பாம்பு தன் உடலில் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிரினம். வயிற்றில் இருக்கும் எலி செரிப்பதற்குத் தேவையான சூட்டை வெளியிலிருந்துதான் பெறுகிறது. சூடு போதவில்லை என்றால் இரை செரிக்காமல் உள்ளேயே அழுகத் தொடங்கும், பாம்பு அதைக் கக்கிவிடும். ஆகையால் குளிர்ந்திருக்கும் பாம்பு இரையை மறுப்பது தன்னைக் காத்துக்கொள்ளும் செயல் என்றே கொள்ள வேண்டும். வெப்பமான முனை 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையிலும், குளிர்ந்த முனை 25, 26 பாகை அளவிலும், ஈரப்பதம் 55 முதல் 65 விழுக்காடு வரையிலும் இருக்க வேண்டும். நவம்பர் மாத இங்கிலாந்தில், இரவில் அறைச் சூடேற்றியை அணைத்துவிட்டுத் தூங்கும் மாணவர் விடுதியில், ஜன்னலோரத் தொட்டி எவ்வளவு குளிர்ந்துபோகும் என்பதை ஆண்டு முழுவதும் முப்பது பாகையில் வாழும் நாம் எளிதில் ஊகிக்க மாட்டோம். தொட்டியை ஜன்னலிலிருந்து உட்சுவர் பக்கம் நகர்த்த வேண்டும். வெப்பப் பாயோ விளக்கோ எதுவானாலும் அது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு மீறிச் சூடேறி வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும். கண்ணாடியில் ஒட்டும் வட்டமுள் வெப்பமானிகளை நான் நம்புவதில்லை. கம்பி முனையுடன் கூடிய மின்னணு வெப்பமானியை மறைவிடத்தின் உள்ளேயே வைத்து, அதிகாலையிலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உங்கள் மகனின் அக்கறை. சோற்றுக் கிண்ணத்துடன் குழந்தையின் பின்னால் ஓடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைத்தான் அவரும் செய்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் முகத்துக்கு நேரே எலியை ஆட்டினால் குட்டிக்கு அது இரையாகத் தெரியாது, தொந்தரவாகத் தெரியும். இரண்டு முயற்சிகளுக்கு இடையில் ஏழு நாள் இடைவெளி கட்டாயம் வேண்டும். அந்த ஏழு நாளும் தண்ணீர் மாற்றுவது, எச்சம் இருந்தால் எடுப்பது, வாரம் ஒருமுறை எடை பார்ப்பது தவிர வேறு எதற்கும் கையை உள்ளே விடக் கூடாது. நண்பர்களுக்கு எடுத்துக் காட்டுவதும் வேண்டாம். கண்கள் நீலம் பூத்து, தோல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று பொருள். உரித்து முடியும்வரை பெரும்பாலான குட்டிகள் சாப்பிடுவதில்லை, முயலவும் வேண்டாம்.

விற்றவரைத் தொடர்புகொண்டு, அவரிடம் அது எதைச் சாப்பிட்டது என்று கேட்பது மிக முக்கியம். எலிக்குஞ்சு தின்று பழகிய பால் பைத்தான் சுண்டெலியை இரையாகவே மதிக்காமல் இருப்பது அன்றாடம் நடக்கும் சங்கதி. சுண்டெலி தின்று பழகியது எலியை மறுப்பதும் அப்படியே. எந்த வகை, என்ன அளவு, உயிருடனா உறைய வைத்ததா, எந்த நேரத்தில், இடுக்கியில் பிடித்துக் கொடுத்தாரா அல்லது பெட்டியில் விட்டுவிட்டாரா என்பதையெல்லாம் கேட்டு, அதே முறையைக் கைக்கொள்வது நூறு உத்திகளைத் தேடுவதைவிடப் பயன் தரும். இரையின் எடை குட்டியின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு, அதாவது இப்போது ஒன்பது முதல் பன்னிரண்டு கிராம் வரை போதும். நீண்ட பட்டினிக்குப் பிறகு கொடுக்கும் முதல் இரை அதைவிடச் சற்றுச் சிறியதாக இருப்பது இன்னும் நல்லது.

கொடுக்கும் விதத்திலும் கவனம் தேவை. உறைந்த எலியை முதல்நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வைத்து உருக விட வேண்டும். மறுநாள் மாலை, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு, குழாயில் வரும் சுடுநீரில் அரை மணிநேரம்போல் மூழ்க வைத்து, பிறகு ஈரத்தைத் துடைக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் ஒருபோதும் வைக்கக் கூடாது. உள்ளே வெந்து வயிறு வெடித்துவிடும். இந்தப் பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு, இருட்டில் எலியை அது சூட்டின் வடிவமாகவே அறிகிறது. எனவே எலியின் தலை, உயிருள்ள எலியின் உடற்சூடான 38 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். வெதுவெதுப்பு ஆறிவிட்டால் மறுபடி சுடுநீரில் வைக்கலாம். அறை விளக்கை அணைத்து, நீளமான இடுக்கியால் எலியைப் பிடித்து, மறைவிட வாசலில் ஒரு சாண் தூரத்தில் எலி நடந்து போவதுபோல் மெல்ல அசைக்க வேண்டும். மூக்கில் இடிக்கக் கூடாது. பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டால் அசையாமல் நின்றுவிட வேண்டும். அந்த நேரத்தில் படம் எடுக்க விளக்கைப் போட்டால் விட்டுவிடும். பத்து நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றால் எலியை மறைவிட வாசலில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுவதே மேல். காலையில் அப்படியே இருந்தால் குப்பையில் போட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது.

இவ்வளவும் சரியாகி, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகும் மறுத்தால், ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் என்ற கணக்கில் மட்டும் சில வழிகளை முயலலாம்: எலியின் மண்டையோட்டைக் குத்தி மணம் வெளிவரச் செய்வது, உயிருள்ள எலிகள் படுத்த மரத்தூளில் இரையைப் புரட்டுவது, குட்டியையும் இரையையும் காற்றுத் துளையுள்ள சிறிய இருட்டுப் பெட்டியில் இரவு முழுவதும் விட்டுவைப்பது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது பலித்தது என்றும் தெரியாது, குட்டியும் மிரளும். நண்பர்கள் சொல்லும் உயிருள்ள எலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பசியில்லாத பாம்பைச் சிறிய எலிகூடக் கடித்துப் புண்ணாக்கும். எலிக்கும் அது தேவையில்லாத வதை. பால் பற்றி: பாம்பு பாலைச் செரிக்கும் உயிரினம் அன்று. தண்ணீர் கிடைக்காமல் காய்ந்துபோன பாம்பு தாகத்தில் எதையும் குடிக்கும். அதைப் பார்த்து வந்த நம்பிக்கையை உங்கள் மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

எடை பத்து விழுக்காட்டுக்கு மேல், அதாவது 81 கிராமுக்குக் கீழே போனாலோ, முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்தித் தெரிந்தாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கும் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மூக்கில் குமிழ், வாயைத் திறந்தே மூச்சுவிடுதல், சீறலில்லாத கரகரப்பு, வாயில் சீழ், தலை பின்னோக்கி மடங்குதல், செதில்களுக்கிடையே ஊரும் கறுப்புப் புள்ளிகளான உண்ணிகள் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எடைக்காகக் காத்திருக்கக் கூடாது. போகும்போது கடைசியாக இட்ட எச்சம் கிடைத்தால் அதையும், தொட்டியின் புகைப்படத்தையும், எடைக் குறிப்புகளையும் எடுத்துச் செல்லட்டும். இன்னொன்று: உறைய வைப்பதால் சால்மொனெல்லா கிருமி சாவதில்லை. மற்ற மாணவர்களும் புழங்கும் சமையலறைத் தொட்டியில் எலியை உருக்க வேண்டாம், பாத்திரங்களைத் தனியே வைத்துக்கொள்ளவும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும் சொல்லுங்கள்.

கேள்வி: டொரோண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் வளர்க்கும் கார்ன் பாம்பு முட்டையிட்டு, குட்டிகள் பொரித்துள்ளன. எல்லாம் முதல் சட்டை உரித்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டன. ஒன்று மட்டும் மூன்று வாரமாக மறுக்கிறது. வாயைத் திறந்து ஊட்டலாமா என்று கேட்கிறான்.
(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: இப்போது வேண்டாம். பொரித்த குட்டி தன் வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள்கருவைக்கொண்டு சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். ஏழெட்டு கிராம் எடையுள்ள உயிரின் வாயைப் பிளந்து திணிப்பதில் தாடை முறியலாம், உணவுக்குழாய் கிழியலாம். பிழைத்தாலும் இரை என்றாலே அஞ்சும்படி ஆகிவிடும்.

முன்பு சொன்னதற்கு மாறாக, இங்கே பிரச்சினை பெரும்பாலும் மணத்தில் இருக்கிறது. அமெரிக்கக் காடுகளில் இந்த இனத்தின் குட்டிகள் பல்லிகளையும் சிறு மரத்தவளைகளையும் தின்று வளர்பவை. ரோமம் முளைக்காத சுண்டெலிக்குஞ்சு சிலவற்றுக்கு உணவாகவே தோன்றுவதில்லை. குஞ்சை மணமற்ற சோப்பால் கழுவி நன்றாக அலசிவிட்டுக் கொடுத்தாலே சில குட்டிகள் எடுத்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால், வளர்ப்புப் பல்லி உரித்த தோலை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் குஞ்சை நனைத்துக் கொடுக்கலாம். காட்டில் பிடித்த பல்லி வேண்டாம், ஒட்டுண்ணி வரும். குட்டியைச் சிறு டப்பாவில் தனியே, ஈரக் காகிதத் துண்டுடன், குஞ்சோடு இரவு முழுவதும் விட்டுவைக்கட்டும். கார்ன் பாம்புக்கு வெப்ப முனை 28 முதல் 30 பாகை போதும். பால் பைத்தானுக்கு வைக்கும் சூட்டை இதற்கு வைக்கக் கூடாது. இன்னும் இரண்டு மூன்று வாரம் இப்படி முயன்றும் பலனில்லை என்றால், குஞ்சின் தலையை மட்டும் வாயில் வைத்துவிட்டு மீதியைக் குட்டியே விழுங்கும்படி விடும் முறை ஒன்று உண்டு. அதை அனுபவமுள்ளவர் ஒருவர் நேரில் செய்துகாட்டிய பிறகே உங்கள் தம்பி செய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் பென்சில் கனமுள்ள, பழுப்பு நிறப் பாம்புக்குட்டி ஒன்றை என் மகன் பிடித்து டப்பாவில் வைத்திருக்கிறான். இரண்டு நாளாக இறைச்சித் துண்டு வைத்தும் சாப்பிடவில்லை. என்ன கொடுப்பது?
(சுவா சூ காங் வாசகர்)

பதில்: எதுவும் கொடுக்க வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடங்களில் அடிக்கடி தென்படும் சிறிய பழுப்புப் பாம்பு பெரும்பாலும் வீட்டுப் பல்லிகளைத் தின்னும் ஓநாய்ப் பாம்பு, நஞ்சில்லாதது. இறைச்சித் துண்டை அது சீந்தாது. ஆனால் எழுத்து வர்ணனையைக்கொண்டு இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது, நஞ்சுள்ள பாம்புகளும் இத்தீவில் உண்டு. டப்பாவை மகன் இனித் தொட வேண்டாம். மூடியைத் திறக்காமல், நிழலில் வைத்துவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணான 1800 476 1600-ஐ இன்றே அழையுங்கள். அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.