அச்சுப் புத்தகமே பிடிக்கும் என்பவர் கிண்டில் (அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி) வாங்கலாமா? எதை வாங்குவது?

வாங்கலாம். ஆனால் எந்த மாடல் என்று பார்க்கும் முன், அடுத்து படிக்க நினைக்கும் பத்துப் புத்தகங்களை ஒரு தாளில் எழுதி, அவை மின்னூலாக எந்த வடிவில் கிடைக்கின்றன என்று தேடிப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் வாங்கி முழித்தவன்.

நான் வாங்கியது ஆறு அங்குலத் திரை. எனக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் பழைய பதிப்புகள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகத்தான் கிடைத்தன. ஸ்கேன் என்றால் வெறும் படம். எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியில்லை, பக்கத்தையே பெரிதாக்கி ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். காகிதத்தில் மை போலத் தெரியும் இந்த இ-இங்க் திரையோ நிதானமாகத்தான் மாறும். அரிசியில் கல் பொறுக்குவது போல இருந்தது. உங்கள் பட்டியலும் இப்படி என்றால் பத்து அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகளும் அதற்கேற்பத் தானாக மாறும் ஈபப் வடிவில் கிடைத்தால் கவலையில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்பாகவே எடுக்கலாம். 2022 முதல் அதைக் கிண்டிலுக்கு நேராக அனுப்ப முடிகிறது. வேறு நிறுவனத்தின் கருவி என்றால், ஒரு தமிழ் ஈபப்பைத் திறந்து 'கொ', 'ஸ்ரீ' எல்லாம் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றால் முந்நூறு பக்கம் படிக்க முடியாது.

கண்ணைப் பற்றிப் பயம் வேண்டாம். போன் போல ஒளி நேராக நம் கண்ணில் பாய்வதில்லை. விளக்கு ஓரத்திலிருந்து திரைமேல் படர்கிறது. சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். சிறிய திரை என்றால் எடை சுமார் 200 கிராம்தான். குண்டுப் புத்தகத்தை மல்லாந்து படித்து மூக்கில் போட்டுக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காகித வாசனை போய்விடுமே என்பார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. போனது வேறு. 'அந்த வரி இடப்பக்கத்தில், கீழே, பாதிப் புத்தகம் தாண்டி' என்று விரல் தானாகத் தேடுமே, அந்த ஞாபகம். கிண்டிலில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம். அப்புறம், காசு கொடுத்து வாங்கினாலும் அது முழுக்க நம்முடையது அல்ல. 2009-ல் உரிமைச் சிக்கல் என்று சொல்லி, விற்ற ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளரின் புத்தகங்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் என் அலமாரியிலிருந்து யாரும் அப்படி எடுத்துப் போனதில்லை. திருப்பித் தராத நண்பர்களைத் தவிர.

இப்போது பெரிய நாவல்களும் ஒரு தடவை படித்தால் போதும் என்பவையும் கிண்டிலில். கவிதை மட்டும் அதில் படிப்பதில்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே வரி உடைந்து, கடைசிச் சொல் கீழே தனியாக விழுந்து கிடக்கிறது.