போர் தண்ணி, பைப்பு தண்ணி: குமரி மாவட்டத்து வீடுகளிலிருந்து சில கேள்விகள்

ஆற்றுத் தண்ணீர் கூட்டுக்குடிநீர்த் திட்டம் எட்டாத ஊர்கள் நம்ம மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. ஊராட்சி போட்ட போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரு மேல்நிலைத் தொட்டி, காலையில் கொஞ்ச நேரம் வரும் பைப்பு, அவ்வளவுதான் அங்கே குடிநீர். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேருகின்றன. அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஈத்தாமொழி: அண்ணாச்சி, டிடிஎஸ் மீட்டர் வாங்கி பைப்பு தண்ணியில முக்கிப் பார்த்தேன். 210 காட்டுது. அப்போ தைரியமா குடிக்கலாம்தானே?

டிடிஎஸ் என்றால் லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. உங்களுக்கு உப்பு குறைவு, அது நல்ல சேதி. ஆனால் அந்த மீட்டருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்த்து அதை உப்புக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதே தம்ளரில் சாக்கடைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாலும் 210-க்குப் பக்கத்திலேயேதான் நிற்கும். இந்தியத் தரநிலை (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. உங்களுடையது அந்தப் பேச்சுக்கே வராது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: உங்கள் வீட்டுக் குழாயில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் மிச்சம் இருக்கிறதா, மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி இருக்கிறதா?

அதே ஊர், இன்னொருவர்: ஆர்ஓ (தண்ணியில உப்பை வடிக்கிற மெஷின்) விற்க வந்த பையன் தண்ணிக்குள்ள ரெண்டு கம்பி விட்டு கரண்ட் கொடுத்தான். எங்க தண்ணி செம்மண் குழம்பு மாதிரி ஆயிட்டு. அவன் மெஷின் தண்ணி அப்படியே தெளிவா நின்னுச்சு. பார்த்து பயந்துட்டோம்.

அந்தக் குழம்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, அவன் கொண்டுவந்த கம்பியிலிருந்து வந்தது. ஒரு கம்பி இரும்பு. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகப் படிகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கரண்ட் அவ்வளவாகப் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. அடுத்த முறை வந்தால் அவன் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள்.

210 உள்ள தண்ணீருக்கு ஆர்ஓ வேண்டாம். ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் மெஷின் அது. 500-க்குக் குறைவாக உப்பு உள்ள இடங்களில் அதைத் தடுக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இலேயே சொல்லிவிட்டது.

கருங்கல்: ஒரு நாள் பிளீச்சிங் வாடை மூக்கைத் துளைக்குது. அப்புறம் நாலு நாள் ஒரு வாடையும் இல்ல. எந்த நாள் தண்ணி நல்லது?

இரண்டுமே சரியில்லை. வாடை இல்லாத நாலு நாள்தான் எனக்குக் கூடுதல் கவலை.

மேல்நிலைத் தொட்டியில் தினமும் அளவாகப் போட வேண்டிய பிளீச்சிங் பவுடரை ஒரே நாளில் கொட்டிவிட்டு, மற்ற நாள் விட்டுவிடுகிறார்கள் என்று தெரிகிறது. கணக்கு பெரிய கணக்கில்லை. நல்ல பவுடரில் நூற்றுக்கு 25 முதல் 33 பங்கு குளோரின் இருக்கும். 25 என்றே வைத்துக்கொண்டால், 1000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரைமணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். அந்தக் குளோரினில் ஒரு பகுதியைத் தண்ணீரும் குழாயும் தின்றுவிடும். கடைசி வீட்டுக் குழாயில் 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது தரநிலை.

ஆனால் பவுடர் நல்ல பவுடரா? நம்ம கடலோர ஈரக்காற்றில் சாக்கின் வாயைக் கட்டாமல் பம்பு ரூமில் மாசக்கணக்கில் போட்டு வைத்தால் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். கட்டி தட்டியிருந்தால், மூக்கருகே கொண்டுபோனாலும் நெடி ஏறாவிட்டால், அதை எத்தனை கிராம் போட்டும் பிரயோஜனம் இல்லை. டேங்க் ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகாமல் சாக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பாவம், அவர் கையில் கொடுத்ததைத்தான் அவர் போடுகிறார்.

லேசான வாடை கெடுதல் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அகலமான பாத்திரத்தில் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், போய்விடும்.

முட்டம்: சித்திரை வைகாசி ஆனா எங்க போர் தண்ணி உப்புக்கரிக்குது. இன்னும் நூறு அடி ஆழப்படுத்தினா நல்ல தண்ணி கிடைக்கும்னு போர்க்காரர் சொல்றார்.

செய்யாதீங்க. கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்புக்குப் பக்கத்தில் போகிறீர்கள்.

மழைத் தண்ணீர் எடை குறைந்தது, கடல் தண்ணீர் கனமானது. அதனால் மணலுக்குள் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயும் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நிலத்தடி நீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது பழைய கணக்கு. கோடையில் எல்லா வீட்டு மோட்டாரும் சேர்ந்து மேல்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், உப்பு கீழிருந்து 20 மீட்டர் ஏறப் பார்க்கும். அதிலும் பெரிய மோட்டாரைப் போட்டு ஒரேயடியாக உறிஞ்சினால் அந்தப் போருக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி மேலே இழுபடும். நூற்றுக்கு 2 பங்கு கடல் தண்ணீர் கலந்தாலே குளோரைடு (உப்புக்கரிப்பைத் தருவது) லிட்டருக்கு 380 மில்லிகிராம் கூடிவிடும். தரநிலை நல்லது என்பது 250 வரைதான்.

செய்யக்கூடியது: சின்ன மோட்டார், கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது, இடையில் ஓய்வு. ஆழமில்லாத பழைய கிணறு இருந்தால் அதைத் தூர்வாரிப் பயன்படுத்துங்கள். கூரைத் தண்ணீரை அதற்குள் விடுங்கள், முதல் மழையை மட்டும் வெளியே தள்ளிவிட்டு. நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. மற்ற மாவட்டக்காரர்கள் பொறாமைப்படும் விஷயம் அது. 2004 சுனாமியில் உப்பு மேலிருந்து கிணற்றில் விழுந்தது. அதை இறைக்கலாம், மழையும் கழுவும். நாம் கீழிருந்து இழுக்கும் உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

தக்கலைப் பக்கம்: பைப்பு திறந்ததும் முதல் ரெண்டு குடம் கலங்கலா வருது, சில நாள் நாற்றமும் இருக்கு. அப்புறம் தெளிஞ்சிடுது. போரில் கோளாறா?

போரைச் சந்தேகப்படாதீர்கள். போரிலிருந்து வரும்போது பெரும்பாலும் தண்ணீர் நல்லாத்தான் இருக்கும். தொட்டிக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில்தான் கெடுகிறது. என்னிடம் வரும் பாதிக் கேள்விக்கு இதுதான் பதில்.

பைப்பில் தண்ணீர் இருக்கும்வரை அழுத்தம் வெளிநோக்கி, ஓட்டை இருந்தால் நல்ல தண்ணீர் வெளியே கசியும். வால்வை மூடியதும் பைப்பு காலியாகிறது. அப்போது அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கிய தண்ணீர் உள்ளே போகும். பைப்புக்கு மேலே ஓடை ஓடினால் ஓடைத் தண்ணீர்தான். மறுநாள் முதல் குடத்தில் வருவது அது.

இதை இன்னும் மோசமாக்குவது, பைப்பிலேயே நேராக மோட்டார் வைத்து இழுப்பது. மோட்டார் உங்கள் வீட்டுத் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை, தெரு முழுக்க எங்கெங்கே கசிவு இருக்கிறதோ அங்கெல்லாம் சாக்கடையை உள்ளே இழுக்கிறது. சட்டப்படியும் தப்பு. யார் வீட்டில் இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள், சொந்தக்காரன் வீடாக இருக்கும்!

முதல் இரண்டு குடத்தைத் தென்னைக்கு ஊற்றுங்கள். நாற்றம் வரும் நாள், நேரம், எத்தனை வீட்டுக்கு என்று குறித்து ஊராட்சியில் கொடுங்கள். எந்த வீட்டிலிருந்து நாற்றம் ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால் ஓட்டை அதற்குச் சற்று முன்னால்தான் இருக்கும். 2017 ஒக்கி புயல் சமயம் மாதிரி பல நாள் கரண்ட் இல்லாமல் பைப்பு காய்ந்து கிடந்து, பிறகு வரும் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கவே கூடாது.

குலசேகரம்: குடத்துல பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு மணி நேரத்துல மஞ்சளாகி அடியில் செம்மண் படியுது. அதுல கட்டன் சாயா போட்டா மை மாதிரி கறுத்துப்போகுது.

இரும்பு. பூமிக்கடியில் காற்றுப் படாமல் கரைந்திருப்பது, குடத்தில் காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. தேயிலைத் துவர்ப்போடு சேர்ந்தால் கறுப்பு. பெரிய விஷமில்லை, ஆனால் துணியும் சிங்கும் பாழ். குளோரினையும் அது தின்றுவிடும் என்பதுதான் எனக்கு முக்கியம். இரும்பு உள்ள ஊரில் கடைசி வீட்டுக்குக் குளோரின் வந்து சேருவது கஷ்டம்.

பூவாளி மாதிரி தூவலாக ஒரு டிரம்மில் விழவிட்டு, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மணல் வழியாக வடித்தால் பெரும்பகுதி போய்விடும்.

குளச்சல்: குழாய்த் தண்ணி பால் மாதிரி வெள்ளையா வருது.

தம்ளரில் பிடித்து மேசையில் வையுங்கள். அடியிலிருந்து மேலே தெளிந்தால் காற்றுக்குமிழி, குடிக்கலாம். மேலிருந்து கீழே தெளிந்து அடியில் பொடி நின்றால் மண்ணோ சுண்ணாம்போ, சோதிக்கக் கொடுங்கள்.

மணவாளக்குறிச்சி: கருமணலில் கதிர்வீச்சு இருக்குன்னு சொல்றாங்களே, கிணத்துத் தண்ணிலயும் இருக்குமா?

மணலில் இருப்பது மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள தோரியம். மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சு உங்கள் பகுதியில் கூடுதல், அது உண்மை. ஆனால் மோனசைட் தண்ணீரில் லேசில் கரையாது, தோரியமும் அப்படித்தான். ஆகவே மணலில் இருக்கும் அளவை வைத்துத் தண்ணீரை எடைபோடக் கூடாது. தண்ணீருக்குத் தனி வரம்பு இருக்கிறது: லிட்டருக்கு ஆல்பா கதிர் 0.1, பீட்டா கதிர் 1 பெக்கெரல் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அது வழக்கமான குடிநீர்ச் சோதனையில் சேராது, தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். கேட்பது உங்கள் உரிமை. அதற்கு முன்னால் கிணற்றுக்குப் பக்கத்துக் கக்கூஸ் குழியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மார்த்தாண்டம்: 5 சென்ட் இடம். கிணத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் எவ்வளவு தூரம் வேணும்?

50 அடி என்று சொல்வது வழக்கம். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி, சதுரமாக எடுத்தாலும் ஒரு பக்கம் 47 அடிகூட இல்லை. மூலைக்கு மூலை வைத்தால் 66 அடி கிடைக்கும், ஆனால் உங்கள் மூலைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி இருக்கும். வேலி போட்ட இடத்தில் தண்ணீர் நிற்காது. அடியில் காங்கிரீட் போடாத குழி என்றால் இன்னும் மோசம்.

ஆகவே அந்தக் கிணற்றை எப்போதும் சந்தேகத்தோடே பயன்படுத்துங்கள். கழிவுக் குழியிலிருந்து தண்ணீரில் இறங்கும் நைட்ரேட் உப்பைக் கட்டாயம் பாருங்கள். வரம்பு 45 மில்லிகிராம், இதில் சலுகையே கிடையாது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்பொடி கலக்கவே வேண்டாம்.

இரணியல்: நாங்க பதிமுகம் (தண்ணியைச் சிவப்பாக்கும் மரச்சீவல்) போட்டுக் கொதிக்க வச்ச தண்ணிதான் குடிக்கிறோம். போதும்தானே?

நன்றாகக் கொப்பளித்து ஒரு நிமிஷம் கொதித்தால் கிருமிக்குப் போதும். பதிமுகம் நிறத்துக்கு, கிருமியைக் கொல்வது அடுப்பு. சிவப்பு வந்ததும் இறக்கிவிடாதீர்கள், கொதிக்கும் முன்னாலேயே சிவந்துவிடும்.

இன்னொன்று, கல்யாண வீட்டிலும் ஹோட்டலிலும் நடப்பது. கொதித்த சூட்டை ஆற்ற அரைப்பங்கு பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கொடுக்கிறார்கள். பார்க்கச் சிவப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். அது பச்சைத் தண்ணீர்தான்.

திங்கள்நகர்: எங்க தெருவில் மூணு பேருக்கு மஞ்சள் காமாலை. இந்த வாரம் தண்ணி டெஸ்ட் பண்ணினோம், நல்லாயிருக்குன்னு வந்துட்டு. அப்போ தண்ணி காரணம் இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் வழியாக வரும் காமாலை, கிருமி உள்ளே போய் இரண்டு வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் கழித்துத்தான் கண்ணில் மஞ்சளாகத் தெரியும். அதனால் போன மாதம் என்ன நடந்தது என்று யோசியுங்கள். பைப்பு உடைந்ததா? ரோட்டுக்கு ஜேசிபி தோண்டினதா? மூன்று பேரும் ஒரே விசேஷ வீட்டில் சாப்பிட்டார்களா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே தெரு என்றால் அவர்கள் தேடி வர வேண்டிய விஷயம். அதுவரை தெரு முழுக்கக் கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

அதே தெருவிலிருந்து: டெஸ்டுக்கு பெப்சி பாட்டில்ல பிடிச்சுக் கொடுத்தோம், அது சரியா?

உப்பு, இரும்பு பார்க்க நன்றாகக் கழுவிய பாட்டில் போதும். கிருமிச் சோதனைக்கு ஆகாது. நாகர்கோவிலில் குடிநீர் வடிகால் வாரியச் சோதனைக் கூடத்தில் கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள். குழாய் வாயைத் தீயில் காட்டி, கொஞ்சம் தண்ணீர் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். தொட்டியடியில் ஒன்று, நடுத்தெருவில் ஒன்று, கடைசி வீட்டில் ஒன்று என்று எடுத்தால்தான் எங்கே கெடுகிறது என்று தெரியும். உங்கள் ஊரில் கையடக்கச் சோதனைப் பெட்டியில் பயிற்சி எடுத்த பெண்கள் இருப்பார்கள், ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பேர். குளோரினை அவர்களே அந்த இடத்திலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மூன்று முடிவையும் தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 22 கிராம சபை உலகத் தண்ணீர் நாளில்தான் வருகிறது, அன்றைக்கு வாசிக்கச் சொல்லலாம்.