லீட்சிக்திஸ் 27 மீட்டர் நீளமா? கேள்வி பதில்

கேள்வி: நீலத்திமிங்கிலம் அளவுக்கு ஒரு மீன் இருந்ததாக வீடியோவில் பார்த்தேன். உண்மையா சார்?

பதில்: அது லீட்சிக்திஸ். சுமார் 16.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலக் கடலில் வாழ்ந்தது. 27 மீட்டர் என்பது 1980களின் கணக்கு. வீடியோக்காரர்கள் அதை விடமாட்டார்கள். எலும்பின் வளர்ச்சி வளையங்களை எண்ணிய 2013 ஆய்வு, 20 வயதில் 8 முதல் 9 மீட்டர், 38 வயதில் 16.5 மீட்டர் என்றது. நான் நம்புவது இதைத்தான். இன்றைய பெரிய திமிங்கிலச் சுறா அளவு இருக்கும். இதுவரை தெரிந்த எலும்பு மீன்களில் (சுறா வகை சேராத மீன்களில்) இதைவிடப் பெரியது கிடையாது.

கேள்வி: அளந்து பார்த்தால் தெரியாதா? கணக்கு ஏன் மாறுகிறது?

பதில்: முதுகெலும்பு கிடைத்தால்தானே அளப்பதற்கு! இதன் முதுகெலும்பு கெட்டிப்படாத குருத்தெலும்பு, மக்கிப்போய்விட்டது. மிஞ்சுவது செவுள், துடுப்பு, வால், மண்டையோட்டுத் துண்டுகள். அதனால் முழு உடல் கிடைத்த உறவுக்கார மீன் ஒன்றை எடுத்து, அதன் விகிதத்தில் பெருக்கிப் பார்க்கிறார்கள். எந்த உறவுக்காரரை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும்.

கேள்வி: முதலில் டைனோசர் என்று நினைத்தார்களாமே?

பதில்: ஆமாம். இங்கிலாந்தின் பீட்டர்பரோ பக்கம் செங்கல்லுக்குக் களிமண் தோண்டிய குழிகளில் ஆல்ஃபிரட் லீட்ஸ் என்ற விவசாயி புதைபடிவம் சேகரித்தார். அவரிடம் இருந்த தட்டையான எலும்புகளை முதுகில் தகடு உள்ள டைனோசருடையவை என்றார்கள். 1888-ல் அமெரிக்காவிலிருந்து வந்த புதைபடிவ நிபுணர் ஓத்னியல் மார்ஷ், 'இது மீன்' என்று சொல்லிவிட்டார். மறு வருடமே இங்கிலாந்தின் புதைபடிவ நிபுணர் ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் பெயர் வைத்தார். லீட்ஸின் பெயர்தான் அதில் இருக்கிறது.

கேள்வி: மனிதனை விழுங்குமா அண்ணா?

பதில்: அப்போது மனிதன் ஏது தம்பி! இருந்திருந்தாலும் பயமில்லை, அதற்குப் பல்லே கிடையாது. வாயைத் திறந்தபடி நீந்தி, செவுளில் உள்ள சல்லடையால் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்றது.

கேள்வி: அப்படியானால் திமிங்கிலங்களுக்கு முன்னோடியா?

பதில்: வம்சத்தில் இல்லை, பிழைப்பில் மட்டும். இதன் கூட்டத்தார் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தார்கள். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் அவர்களும் போனார்கள். வடிகட்டித் தின்னும் திமிங்கிலங்கள் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

கேள்வி: இதன் புதைபடிவங்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

பதில்: 1898-ல் கிடைத்த பெரிய வால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் உள்ளது, உயரம் ஏறக்குறைய 9 அடி. கிளாஸ்கோ ஹண்டேரியன் அருங்காட்சியகத்திலும் லீட்ஸ் சேர்த்தவை உண்டு.