பரணில் கிடக்கும் கல்யாண கேசட்

கேள்வி: 450 ரூபாய்க்கு ரிச்சி தெருவில் யுஎஸ்பி கேப்சர் டப்பா வாங்கினேன். அக்காவின் கல்யாண வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் கறுப்பு வெள்ளையாக வருகிறது, படமும் உருளுகிறது. டப்பா டூப்ளிகேட்டா? (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: இருக்கலாம். ஆனால் முதலில் சாஃப்ட்வேரைப் பாருங்கள். நம்மூர் கேசட் ‘பால்’ என்ற வீடியோ சிஸ்டம் (குடிக்கிற பால் அல்ல). சாஃப்ட்வேர் அமெரிக்க என்டிஎஸ்சியில் நின்றால் இப்படித்தான் வரும். பால் என்று மாற்றி, பட அளவை 720க்கு 576 வையுங்கள். மஞ்சள் வயரைச் செருகிவிட்டு, சாஃப்ட்வேரில் வேறு வயருக்கான எஸ்-வீடியோவைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் கலர் போகும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் மூன்று டப்பா வாங்கிவிட்டேன். மூன்றும் மேஜை டிராயரில் தூங்குகின்றன.

கேள்வி: 3 மணி நேர கேசட்டை வேகமாக ஓட்டி அரை மணியில் மாற்ற வழி உண்டா?

பதில்: இல்லை.

கேள்வி: கேசட் ஜன்னலில் வெள்ளைப் பூசணம் தெரிந்தது. போட்டுத்தான் பார்ப்போமே என்று வீடியோ டெக்கில் போட்டேன். இப்போது நல்ல கேசட்டும் புள்ளி புள்ளியாக வருகிறது. (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: தெரிந்தே போட்டீர்களா! பூசணம் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் போய்விட்டது. பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியால் நீங்களே தேய்த்தால் ஹெட் உடையலாம். டெக் போனால் புதிது கிடைக்காது. கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016ல் நிறுத்திவிட்டது.

கேள்வி: அம்மாவின் குரல் இருந்த ஒரே கேசட்டை டிவிடி போடக் கடையில் கொடுத்தேன். டிவிடியில் பாதி காலி. கேசட்டைக் கேட்டால் தொலைந்துவிட்டதாம். ரசீதின் பின்பக்கம் ‘தொலைந்தால் வெற்று கேசட் விலை மட்டும்’ என்று இருக்கிறது. (பெரம்பூர் வாசகி)

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது, அம்மா. எனக்கு இந்த ரசீது முதுகு வசனங்களைக் கண்டாலே ஆகாது. லாண்டரியில் ‘கிழிந்தால் பொறுப்பல்ல’, செருப்புக் கடையில் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’. யாரும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டு, சண்டை வரும்போது மட்டும் சட்டப் புத்தகம்போல் நீட்டுவார்கள். அந்த வரி இருப்பதாலேயே உங்கள் புகார் உரிமை போய்விடாது. இது சேவைக் குறைபாடு. தேதி போட்டுக் கடைக்கு ஒரு கடிதம் எழுதிப் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் கடைக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ரசீதையும் அந்தப் பாதி டிவிடியையும் பத்திரமாக வையுங்கள். குரலை எந்த ஆணையமும் மீட்டுத் தராது, தெரியும். ஆனாலும் கடைக்காரரைச் சும்மா விடாதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாமா?

பதில்: ஒரே பென்டிரைவா? சட்டைப்பையோடு வாஷிங் மெஷினுக்குள் போகும்வரைதான் அதன் ஆயுள். ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு காப்பி எடுங்கள். கேசட்டைப் போடாதீர்கள்.