முதல் பிரசவம், முதல் சிசேரியன்: கேள்வி பதில்

கேள்வி: 38 வாரம் ஆகிறது. கொடி கழுத்தைச் சுற்றியிருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது, மேடம். ஆபரேஷன்தானா?

இல்லைம்மா. நாலைந்து குழந்தைகளில் ஒன்று கொடி சுற்றித்தான் பிறக்கிறது. தலை வெளியே வந்ததும் விரலால் வளையத்தைத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிடுவார்கள். வலி நேரத்தில் குழந்தையின் துடிப்பு (நிமிடத்துக்கு 110–160) இறங்கி, மீளாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு 12 மணி நேரம் வலி. 4 செ.மீ.க்கு மேல் திறக்கவில்லை என்று சிசேரியன் செய்தார்கள். அவசியம்தானா?

அந்த ஒரு காரணம் மட்டும் என்றால், அவசரப்பட்டிருக்கிறார்கள். முதல் பிரசவத்தில் 5, 6 செ.மீ. வரை கர்ப்பப்பை வாய் மிக மெதுவாகத்தான் திறக்கும். மணிக்கு 1 செ.மீ. என்ற பழைய கணக்கை எல்லோருக்கும் பொருத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லிவிட்டது. 6 செ.மீ. திறந்து, பனிக்குடமும் உடைந்து, நல்ல வலி இருந்தும் 4 மணி நேரம் அசையாமல் நின்றால்தான் 'நின்றுவிட்டது' எனலாம். வலி போதாமல் ஆக்ஸிடோசின் டிரிப் ஏற்றினால் 6 மணி நேரமாவது பார்க்க வேண்டும். ஆனால் துடிப்பு குறைந்தது, காய்ச்சல் வந்தது என்று வேறு காரணமும் இருந்திருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை செ.மீ., எத்தனை மணி நேரம், துடிப்பு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த பிரசவத்தில் சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று முடிவெடுக்க அந்த விவரம் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: ஜெல் வைத்தும் வலி வரவில்லை என்றால் உடனே சிசேரியனா?

ஜெல் வலிக்கு மட்டும் வைப்பதில்லை, கர்ப்பப்பை வாய் மிருதுவாகவும்தான். வாய் கெட்டியாக இருக்கும்போது ஆரம்பித்தால் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைத்து டிரிப் போட்டபின் 12 மணி நேரமாவது காத்திருக்கலாம். மருத்துவக் காரணமில்லாமல், நல்ல நாள் பார்த்து 37, 38 வாரத்தில் வலி வரவழைக்காதீர்கள்.

கேள்வி: குழந்தை உள்ளேயே மோஷன் போய்விட்டதாம்...

நிறத்தைக் கேளுங்கள். பனிக்குட நீர் இளம்பச்சையாக, தெளிவாக வந்து, துடிப்பும் நன்றாக இருந்தால் கண்காணித்துக்கொண்டே சுகப்பிரசவம் பார்க்கலாம். கீரை மசியல் போலக் கெட்டியாக வந்து, துடிப்பும் இறங்கினால் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: மகள் குள்ளம். 148 செ.மீ.தான்.

சிசேரியனுக்கு உயரம் மட்டும் காரணமே அல்ல. தலை இடுப்பில் இறங்குமா என்பது வலி வந்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: 35 வாரம், குழந்தையின் தலை மேலே இருக்கிறது.

இன்னும் திரும்பலாம். 36 வாரத்திலும் திரும்பாவிட்டால், வயிற்றின் மேல் கைவைத்துத் திருப்பும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். கர்ப்பப்பையைத் தளர்த்த ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடி, ஆபரேஷன் தியேட்டர் பக்கத்திலேயே செய்ய வேண்டும். முதல் கர்ப்பத்தில் பத்தில் நான்கு பேருக்குப் பலிக்கும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலோ உதிரப்போக்கு இருந்தாலோ முயலவே கூடாது. நஞ்சுக்கொடி மூடியிருந்தால் சிசேரியன்தான் உயிர் காக்கும். வீட்டில் எண்ணெய் தடவி யாரையும் திருப்ப விடாதீர்கள்.