முதல்முறை கடலில் தூண்டில் போட ஸ்பின்னிங் ரீல் நல்லதா, பெய்ட்காஸ்டரா?

திருவொற்றியூர் தூண்டில் வளைவுக் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட கல் தடுப்பு) கற்களில் நின்று வீசப்போகிறீர்கள் என்றால், யோசிக்காமல் ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள். 4000 அல்லது 5000 அளவு போதும். வீசும்போது அதன் ஸ்பூல் (தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுழலாது. நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழலும். எதிர்க்காற்றில் ஈயக்குண்டின் வேகம் குறையும், ஸ்பூலின் வேகம் குறையாது. கட்டைவிரலால் சரியான நேரத்தில் அழுத்தாவிட்டால் நரம்பு குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். என் முதல் சாயங்காலம் முழுக்கச் சிக்கெடுப்பதிலேயே போனது. பக்கத்தில் வெறும் கைநரம்பு போட்டிருந்த அண்ணன் கிழங்கான் மீனாகப் பிடித்துத் தள்ளினார்!

அப்புறம், எந்த ரீலானாலும் வீட்டுக்கு வந்ததும் டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியேறும் என்பதை மாற்றும் திருகு) இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரில் லேசாக அலசுங்கள். காயும்போது தளர்த்தி வையுங்கள். அலசாவிட்டால் உப்பு பேரிங்கைத் தின்றுவிடும்.