மெட்ரோ வரப்போகிறது என்று 8 லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: சென்னைப் புறநகர் ஊரப்பாக்கத்தில் அரை கிரவுண்ட் மனை பார்த்திருக்கிறேன். அதே தெருவில் போன வருடம் விற்ற விலையைவிட 8 லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். ‘மூன்று வருடத்தில் மெட்ரோ வந்துவிடும், பாதாளச் சாக்கடையும் வருகிறது, அப்புறம் இந்த விலைக்குக் கிடைக்காது’ என்கிறார் தரகர். நம்பி வாங்கலாமா?

பதில்: மனை பிடித்திருந்தால் வாங்குங்கள். அந்த 8 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். இன்று அங்கே என்ன தண்ணீர், என்ன சாலை, என்ன பஸ் இருக்கிறதோ அதற்கு மட்டும் விலை பேசுங்கள்.

தரகர் முழுப் பொய் சொல்லவில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கி.மீ. மெட்ரோவுக்குத் திட்ட அறிக்கை தயாரானது உண்மை. ஆனால் அறிக்கைக்கு அப்புறம்தான் மத்திய அரசின் ஒப்புதல், கடன், நில எடுப்பு, டெண்டர் எல்லாம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தையே பாருங்கள். 118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். இடையில் ஏறக்குறைய நான்கு வருடம் மாநில அரசுதான் சமாளித்தது. வேலை நடந்துகொண்டிருந்த திட்டத்துக்கே இந்தக் கதி.

மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டி, கூவத்தில் தூண்கள் எழும்பிய பிறகு 2012இல் வேலை நின்றது. 2022இல் அதே பாதைக்கு ஈரடுக்குப் பாலம் என்று மறுபடி ஒரு அடிக்கல். 2009இல் ‘பாலம் வருது’ என்று கூடுதல் விலை கொடுத்தவர் வட்டி கட்டியதுதான் மிச்சம்.

பதினைந்து வருடத் திட்டத்துக்கு வருடா வருடம் கையேந்திப் பணம் வாங்கினால் இப்படித்தான் ஆகும். அடிக்கல்லுக்கு மேடை போடுவார்கள். மூன்றாவது வருடத் தவணைக்கு யார் போடுவார்கள்? உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தபோது, ரயில் பாதை அருகிலேயே ஓடியும் இறங்க ஸ்டேஷன் இல்லை. இரண்டையும் சேர்த்துத் திட்டமிட என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, தரகரிடம் வருவோம். செய்தித்தாள் துணுக்கை லேமினேட் செய்து வைத்திருப்பார். அதில் ‘பரிசீலனை’, ‘ஆய்வு’, ‘உத்தேசம்’ என்ற சொற்கள் இருந்தால் அது செய்தி மட்டுமே. அரசாணை எண் என்ன, பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள், பணி ஆணை கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் விலையில் மெட்ரோவைச் சேர்க்காதீர்கள். மனைப்பிரிவுக்காரர்கள் சிலர் ‘பாதாளச் சாக்கடை இணைப்புக்கு’ என்று இப்போதே தனியாகப் பணம் வாங்குகிறார்கள். கொடுக்கவே கூடாது. திட்டம் வந்தபின் உள்ளாட்சியில் கட்டி ரசீது வாங்கினால் போதும். அதுவரை கழிவுநீர் லாரிக்கும் தண்ணீர் லாரிக்கும் ஆகும் செலவை மனை விலையோடு கூட்டிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மெட்ரோவை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். பாதை உங்கள் மனைக்குப் பக்கத்தில் போகாமல், மனை மேலேயே போனால்? ‘வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது’ என்பீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். பாதை வரைந்து வைத்திருப்பதும், சாலை அகலப்படுத்தும் உத்தேசமும் வராது. சர்வே எண்ணை உட்பிரிவோடு எழுதி, மெட்ரோ நிறுவனத்திடமும் சிஎம்டிஏவிடமும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தனித்தனியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. விற்பவர் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டேன் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். இன்னொன்று: ஸ்டாம்ப் செலவை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டச் சொல்வார்கள். நாளை நிலத்தை எடுத்தால், இழப்பீடு கேட்கும்போது அந்தப் பத்திரமே உங்களுக்கு எதிராக நிற்கும். முழுத் தொகையையும் எழுதச் சொல்லுங்கள்.

டோக்கன் கொடுப்பதற்கு முன் ஒரு கனமழைக்கு மறுநாள் அந்தத் தெருவுக்குப் போங்கள். தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்று எதிர்வீட்டில் விசாரித்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.